பழைய சிறு மோட்டார்ஹோமை எத்தனையில் ஓட்டலாம்? அறிகுறி பார்த்து முடிவு செய்யும் வழிமுறை

பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளே கொண்ட வீட்டு வண்டி) வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "இதை எத்தனையில் ஓட்டலாம்?" என்பதுதான். பதில் ஆளுக்கொன்றாக வரும். ஒருவர் மணிக்கு 110 கி.மீ. என்பார். இன்னொருவர் 70க்கு மேல் தொடவே கூடாது என்பார். இருவரும் அவரவர் வண்டியைத்தான் சொல்கிறார்கள், உங்களுடையதை அல்ல. இருபது முப்பது வயதான, மூன்று டன் சுமாருக்கு எடையுள்ள, ஒழுங்காகப் பராமரித்த வண்டி பெரும்பாலும் 80க்கும் 95க்கும் இடையில் எங்கோ நிம்மதியாக ஓடும் என்பது என் கணக்கு. அந்த "எங்கோ" எது என்பதை வண்டியிடமே கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு வண்டிக்கு ஒரே வேக வரம்பு கிடையாது. டயருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, எஞ்சின் சூட்டுக்கு ஒன்று, நேராக ஓடும் தன்மைக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. இவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் வேகம். அதைச் சரிசெய்தால் அடுத்தது முன்னால் வந்து நிற்கும். இதில் ஒரு சிக்கல்: சில வரம்புகள் நடுங்கியும் சத்தம் போட்டும் முன்கூட்டியே எச்சரிக்கும், சில கடைசி வரை வாயைத் திறக்காது. வாய் திறக்காதவற்றை வண்டி நிற்கும்போதே பார்த்து முடித்துவிட்டு, மற்றதைச் சாலையில் கேட்க வேண்டும்.

முதலில் காற்றின் கணக்கு

இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதி விஷயம் தானாகவே விளங்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. ஓட்டுநர் அறைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் ஒரு வண்டியின் முகப்புப் பரப்பை 6 சதுர மீட்டர் என்றும், காற்றெதிர்ப்புக் கெழுவை 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டும் சுமார் 27 குதிரைத்திறன் போகும். 100 கி.மீ. வேகத்தில் அது 52 ஆகிவிடும். மூன்று டன் வண்டியின் டயர் உருள்வதற்கு 10 முதல் 13 வரை தனியாக வேண்டும். எஞ்சின் தருவது 75 குதிரைத்திறன் என்றால், கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் வீணாவது போக, 100ல் மிதியைத் தரையோடு அழுத்தியே வைத்திருக்க வேண்டும். 80ல் ஏறக்குறைய பாதி கையிருப்பாக இருக்கும்.

எதிர்க்காற்று இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டுவிடும். 80ல் போகும்போது 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் அந்த 27 குதிரைத்திறன் 42 ஆகிவிடும். "நேற்று 90ல் ஜாலியாகப் போன வண்டி இன்றைக்கு ஏன் இழுக்கவில்லை?" என்று பலர் மெக்கானிக்கைத் தேடுவார்கள். மரக்கிளை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று முதலில் பாருங்கள்.

நின்ற நிலையில் பார்க்க வேண்டியவை

டயரிலிருந்து தொடங்குங்கள். எச்சரிக்காமல் போகக்கூடிய பொருள்களில் முதலிடம் இதற்குத்தான். மோட்டார்ஹோம் அதிகம் ஓடாது, அதனால் டயரின் பட்டன் (தரையில் படும் வரிக்கட்டைகள்) தேயாது. தேயாத டயரைப் பார்த்து "புதுசு மாதிரி இருக்கே" என்று ஏமாறுவது சுலபம். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுக்கொரு முறை காட்டிப் பரிசோதிக்க வேண்டும், பத்து வயதைத் தாண்டினால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது டயர்க்காரர்களின் பொதுவான அறிவுரை. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். அதோடு சாலைக்கே போகாதீர்கள்.

அதே பக்கவாட்டில் 215/70 ஆர் 15 சி 109/107 ஆர் என்பது போல ஒரு வரி இருக்கும். 109 என்பது ஒற்றை டயராக இருந்தால் 1030 கிலோ தாங்கும் என்று பொருள். 107 என்பது பின்னால் இரட்டைச் சக்கரமாகப் போட்டால் ஒவ்வொன்றும் 975 கிலோ. கடைசி ஆர் என்பது மணிக்கு 170 கி.மீ. வரை என்ற வேகக் குறியீடு. 170 என்று எழுதியிருக்கிறதே என்று மகிழ வேண்டாம். டயர் நல்ல நிலையில், சரியான காற்றோடு, சுமை அளவுக்குள் இருந்தால்தான் அந்த எண் செல்லும்.

அதனால் அடுத்த வேலை எடைமேடை. தண்ணீர்த் தொட்டி, எரிபொருள், எரிவாயு சிலிண்டர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு, முன் ஆக்சில் தனியாக, முழு வண்டி, பின் ஆக்சில் தனியாக என்று மூன்று முறை நிறுத்தி எடை எடுங்கள். பின் ஆக்சில் 1900 கிலோ காட்டினால், மேலே சொன்ன ஒற்றை டயர் இரண்டின் தாங்கும் திறன் 2060. மிச்சம் 160 கிலோதான். இடது வலது எடை சமமாக இருக்காது. ஒரு பக்கம் ஃபிரிட்ஜும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்திருந்தால் அந்த மிச்சமும் காணாமல் போகும். எடை தெரிந்த பிறகே காற்றழுத்தம் முடிவாகும். டயர் நிறுவனத்தின் அட்டவணையில் உங்கள் ஆக்சில் எடைக்கு என்ன அழுத்தம் என்று பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கும். கூடிவிட்டதே என்று அப்போது காற்றை இறக்கக் கூடாது. இறக்கினால் டயர் இன்னும் மடங்கும், மடங்க மடங்க இன்னும் சூடாகும்.

பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள் டயரின் வால்வைத் தொட்டுப் பாருங்கள். கை எட்டாததால் அதில் காற்றே பார்க்காமல் விடுவது வழக்கம். உள்ளே ஒன்று இறங்கியிருந்தால் மொத்தப் பாரமும் வெளி டயரில் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

ஆக்சிலையும் ஒரு பார்வை பாருங்கள், குறிப்பாகச் சிறு பிக்கப்பின் சட்டகத்தில் கட்டிய வண்டி என்றால். 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் முதல் பாதியிலும் அமெரிக்காவில் டொயோட்டா பிக்கப் மேல் கட்டிய சிறு மோட்டார்ஹோம்கள் பலவற்றில், பின்னால் இரட்டைச் சக்கரம் தெரிந்தாலும் உள்ளே இருந்தது ஐந்து நட்டுகள் கொண்ட இலகு ஆக்சில்தான். கட்டிய வீட்டின் எடைக்கு அது போதவில்லை, முறிவுகள் நடந்தன. பிறகு வந்தவற்றில் ஆறு நட்டுகள் கொண்ட ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் வந்தது. இதில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது வெளிக்குழாய், உள்ளே சுழலும் தண்டு இழுவையை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஐந்து நட்டு வகை உங்களிடம் இருந்தால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவது அதற்கு மருந்தாகாது. ஆக்சிலை மாற்றுவதுதான் வழி.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலையில் அதே விதி கேட்பது 155 மட்டுமே. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், பேச்சே வேண்டாம்.

கடைசியாக ஸ்பீடோமீட்டர். கைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டு, முள் 80 காட்டும்போது உண்மையில் எவ்வளவு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மீட்டர்கள் பொதுவாகக் கூட்டியே காட்டும். ஆனால் முந்தைய உரிமையாளர் பெரிய டயர் போட்டிருந்தால் குறைத்துக் காட்டும், அதுதான் ஆபத்து. இனி இங்கே சொல்லும் வேகம் எல்லாம் ஜிபிஎஸ் வேகம்.

சோதனை ஓட்டம்

காற்று அதிகம் இல்லாத நாளில், நேரான, போக்குவரத்து குறைந்த, தட்டையான நெடுஞ்சாலையில், பயணத்துக்கு ஏற்றும் முழுச் சுமையோடு போங்கள். காலி வண்டியில் சோதித்தால் கிடைப்பது காலி வண்டியின் வேகம். 60ல் தொடங்கி, ஐந்து ஐந்தாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடமாவது நிலையாக ஓட்டுங்கள். சூடு தொடர்பான கோளாறு எதுவும் இரண்டு நிமிடத்தில் தலைகாட்டாது. பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்ள இருந்தால் நல்லது.

முதல் அறிகுறி எந்த வேகத்தில் வருகிறதோ அதிலிருந்து பத்தைக் கழியுங்கள். 92ல் தலைகாட்டினால் உங்கள் வேகம் 82. இறக்கம், பக்கக்காற்று, வெயில் எல்லாம் சேரும்போது அந்தப் பத்து தேவைப்படும். பிறகு கீழே உங்கள் அறிகுறியைத் தேடிப் படியுங்கள்.

அறிகுறி: நடுக்கம்

ஸ்டியரிங்கில் மட்டும் நடுக்கம், 80ல் தொடங்கி 95ல் அடங்கிவிடுகிறது என்றால் முன் சக்கர பேலன்சிங். நடுக்கம் சீட்டிலும் தரையிலும் வந்தால் பின் சக்கரம். வேகம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போய் எங்கேயும் அடங்கவில்லை என்றால் பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் அதன் மூட்டான யூஜே கிராஸையும் சந்தேகியுங்கள். முன்சக்கர இழுவை வண்டியாக இருந்து, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் முன் சக்கரத்துக்குச் சக்தி தரும் தண்டின் உள்பக்க மூட்டு, அதாவது சிவி ஜாயின்ட். பிரேக் போடும்போது மட்டும் என்றால் டிஸ்க்.

பேலன்ஸ் செய்தும் போகவில்லையா? மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டிகளில் டயர் தட்டையாகி, ஓடத் தொடங்கியபின்னும் கொஞ்ச நேரம் அந்த வடிவத்திலேயே இருக்கும். அரை மணி நேரம் ஓடியபின் நடுக்கம் குறைந்தால் இதுதான் காரணம். குறையாமல் நாளுக்கு நாள் கூடினால் டயரின் உள்ளே பட்டை பிரிய ஆரம்பித்திருக்கலாம். கையால் பட்டனைத் தடவி, எங்காவது மேடு தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். மேடு தெரிந்தால் ஸ்டெப்னி போட்டு மெதுவாக வீடு திரும்புங்கள். 70ல் ஓட்டிச் சமாளிக்கலாம் என்ற கணக்கு இதில் கிடையாது.

அறிகுறி: வண்டி அலைபாய்கிறது

லாரி தாண்டும்போது முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். இது எல்லா உயரமான வண்டிக்கும் உண்டு. தாண்டி முடிந்தபின் ஒரு சிறு திருத்தத்தில் நேராகிவிட்டால் கவலையில்லை. இரண்டு மூன்று முறை இடவலமாக ஆடி அடங்கினாலோ, சாதாரண நேர் சாலையிலேயே ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தாலோ, உங்கள் வேகம் ஏற்கெனவே தாண்டிவிட்டது.

இங்கே காரணம் பெரும்பாலும் பின்பாரம். மாட்டுவண்டிக்குத் தெரிந்த அதே பாடம்தான். பின்பாரம் ஏறினால் முன்பக்கம் இலேசாகும். சிறு மோட்டார்ஹோம்களில் பின் ஆக்சிலுக்குப் பின்னால் உடல் நீண்டு தொங்கும். அங்கே சாமான் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் தாங்கி எல்லாம் வந்து சேரும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முன் பின் ஆக்சில் இடைவெளி 3 மீட்டர். பின் ஆக்சிலிலிருந்து 2 மீட்டர் பின்னால் 100 கிலோ ஏற்றுகிறீர்கள். பின் ஆக்சிலில் கூடுவது 100 கிலோ இல்லை, 167 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 67 கிலோ தூக்கப்படுகிறது. வண்டியைத் திருப்புவது அந்த முன் டயர்கள்தான்.

அதனால் பட்டறைக்குப் போகும் முன் செலவில்லாத வைத்தியம்: கனமான சாமானை எல்லாம் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே, தரையோடு தரையாக மாற்றுங்கள். மேல் அலமாரியில் துணியும் போர்வையும் இருக்கட்டும், டப்பாவும் பாத்திரமும் கீழே வரட்டும். பின்னால் இருக்கும் தொட்டியில் பயணத்துக்குத் தேவையான தண்ணீர் மட்டும். கழிவுநீர்த் தொட்டி காலி. பிறகு அதே சாலையில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். முன்பு 75ல் ஆடிய வண்டி 85 வரை ஆடாமல் போவது ஆச்சரியமில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் பின் டயரில் காற்று குறைவா என்று பாருங்கள். பக்கச்சுவர் நெளிந்தால் பின்புறம் மிதப்பதுபோல் இருக்கும். அடுத்து ஷாக் அப்சார்பர். வெளியே எண்ணெய் கசிந்திருந்தால் கேள்வியே வேண்டாம். கசியாமலும் தேய்ந்திருக்கலாம். பின் மூலையை உட்கார்ந்து எழுந்து ஆட்டிவிட்டு, ஒன்றரை ஆட்டத்துக்கு மேல் ஆடுகிறதா என்று பார்க்கலாம். மூன்று டன் வண்டியில் இந்தச் சோதனை அவ்வளவு நம்பகமானதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதற்கடுத்து பட்டை ஸ்பிரிங் புஷ்கள், ஸ்டியரிங் பாக்ஸின் தளர்ச்சி, முன்சக்கர அலைன்மென்ட். அலைன்மென்டுக்குக் கொடுக்கும்போது கேஸ்டர் கோணத்தையும் (முன்சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) அளக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் இந்தக் கோணமும் மாறிவிடும். முழுச் சுமையோடு கொண்டுபோனால்தான் அளவு உண்மையாக இருக்கும்.

தாழ்ந்த பின்பக்கத்தை நிமிர்த்த ஏர் ஸ்பிரிங் போடுவது பரவலான பழக்கம். நல்லதுதான், ஆனால் ஆக்சிலின் அனுமதி எடையை அது ஒரு கிலோ கூட உயர்த்தாது. இன்னொன்றும் உண்டு. பல பழைய வண்டிகளில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து ஒரு வால்வு கட்டுப்படுத்தும். ஏர் ஸ்பிரிங் நிமிர்த்திவிட்டால், வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதையும் சேர்த்துச் சரிசெய்யாமல் பட்டறையை விட்டு வராதீர்கள்.

அறிகுறி: சூடு ஏறுகிறது

எங்கே ஏறுகிறது என்பதில்தான் நோய் இருக்கிறது.

நெரிசலில் ஏறி, சாலையில் வேகம் பிடித்தால் இறங்குகிறது என்றால் ஃபேன். சூடானதும் ஃபேனைச் சுற்ற வைக்கும் விஸ்கஸ் கிளட்ச் பிடிக்கவில்லை, அல்லது மின்விசிறியின் சுவிட்ச் வேலை செய்யவில்லை. இது உங்கள் நெடுஞ்சாலை வேகத்தைப் பாதிக்காது, ஆனால் நகருக்குள் கழுத்தைப் பிடிக்கும்.

நகருக்குள் சரியாக இருந்து, சமதரையில் 85 தாண்டினால் முள் மெல்ல நகர்கிறது, 75க்கு வந்தால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் வெப்பத்தை வெளியே தள்ள முடியவில்லை. உள்ளே படிமம் அடைத்திருக்கலாம். வெளியே பூச்சியும் தூசியும் அடைத்திருக்கலாம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள், முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், இடுக்கில் கம்பளிபோல் அடைந்திருக்கும். தெர்மோஸ்டாட் பாதி மட்டும் திறப்பதும் இதே அறிகுறியைத் தரும். பெரும்பாலான எஞ்சின்களில் அது 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும். கீழ் ஹோஸ் பழையதாகி இளகியிருந்தால், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பம்பின் உறிஞ்சலில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். நின்றதும் பழையபடி விரிந்துவிடும். அதனால்தான் பட்டறையில் எத்தனை முறை பார்த்தாலும் இது சிக்காது. எஞ்சின் ஓடும்போது ஒருவர் ஆக்சிலரேட்டரைக் கூட்ட, இன்னொருவர் கையைத் தூர வைத்துக்கொண்டு ஹோஸைக் கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏற்றத்தில் மட்டும் ஏறுகிறது என்றால் ஓரளவுக்கு இயல்பு. 5 விழுக்காடு ஏற்றத்தை 80ல் ஏற மூன்று டன் வண்டிக்குக் கூடுதலாக 44 குதிரைத்திறன் வேண்டும். 60ல் ஏறினால் 33 போதும். காற்றுச் செலவும் பாதிக்குமேல் குறைந்துவிடும். ஆகவே டாப் கியரில் முக்கிக்கொண்டு ஏறாமல், முன்கூட்டியே ஒரு கியர் இறக்கி, மிதியைத் தளர்த்தி, ஆர்பிஎம் உயர்ந்து ஓட விடுங்கள். பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். எஞ்சின் கத்துகிறதே என்று பயந்து கியரை ஏற்றுபவர்கள்தான் அதிகம். கத்துவது அதற்குக் கெடுதல் இல்லை, திணறுவதுதான் கெடுதல்.

முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, ஓரம் தேடுங்கள். ஹீட்டர் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், உங்களுக்கு வியர்க்கும், எஞ்சின் பிழைக்கும். நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும் நீர், மூடி திறந்த நொடியில் முகத்துக்கு வரும்.

காற்றால் குளிரும் எஞ்சின் என்றால் நீர் முள்ளே கிடையாது. பழைய ஃபோக்ஸ்வேகன் டைப் 2 வண்டியில் 1.6 லிட்டர் எஞ்சின் தருவது 50 குதிரைத்திறன். அதற்கு எண்ணெய் வெப்பமானி ஒன்று போட்டுக்கொள்வது காசுக்குத் தகுந்த பொருள். எண்ணெய் 120 டிகிரியைத் தொட்டால் அன்றைய வேகம் முடிந்தது, பத்து குறையுங்கள்.

அறிகுறி: மிதித்தும் ஏறவில்லை

மேலே சொன்ன காற்றுக் கணக்கை முதலில் போடுங்கள். உயரமான மலைப்பகுதியா என்றும் பாருங்கள், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 10 விழுக்காடு சக்தியை இழக்கும். இவை இரண்டும் இல்லாமல், முன்பு எளிதாகப் பிடித்த வேகத்தை இப்போது பிடிக்கவில்லை என்றால் வரிசையாக: காற்று ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர், ஆக்சிலரேட்டர் கேபிள் முழுக்க இழுக்கிறதா, எங்காவது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா. கேபிளைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒருவர் மிதியை முழுக்க அழுத்த, இன்னொருவர் எஞ்சின் பக்கம் நின்று நெம்பு கடைசி வரை போகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிட வேலை.

பெட்ரோல் எஞ்சினாக இருந்தால், எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயின் வெற்றிடத்தை அளக்கும் வாக்குவம் கேஜ் ஒன்று போடச் சொல்வேன். உங்கள் வேகத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் கருவி வேறில்லை. ஐட்லிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். நிலையான ஓட்டத்தில் 10க்கு மேல் இருந்தால் எஞ்சின் சிரமப்படவில்லை. 5க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் மிதி ஏறக்குறைய முழுக்கத் திறந்திருக்கிறது, அதில் மணிக்கணக்கில் ஓட்டக் கூடாது. டர்போ டீசலில் இதே வேலையைப் புகைபோக்கு வெப்பமானி செய்யும். டர்போவுக்கு முன்னால் பொருத்தியிருந்தால் 650 முதல் 700 டிகிரிக்குள் நிறுத்திக்கொள்வது நலம்.

கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு ஆர்பிஎம் கணக்கு. கையேட்டில் அதிகபட்ச சக்தி எந்த ஆர்பிஎம்மில் என்று இருக்கும். அதில் 60 முதல் 70 விழுக்காட்டுக்குள் நெடுநேரம் ஓட்டலாம். 4200ல் உச்சம் தரும் டீசல் என்றால் 2500 முதல் 2900 வரை. 4800ல் உச்சம் தரும் பெட்ரோல் என்றால் 2900 முதல் 3400 வரை. டாப் கியரில் அந்த ஆர்பிஎம் எந்த வேகம் என்று பாருங்கள். அந்த வேகத்தில் சிறு மேடு வந்தால் கியர் இறக்காமல் ஏற மிதியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்க வேண்டும். மிச்சம் இல்லை என்றால் வேகம் அதிகம்.

அறிகுறி: ஆட்டோமேட்டிக் கியர் ஏறி இறங்கி அலைகிறது

ஓவர்டிரைவுக்கு (எஞ்சின் மெதுவாகச் சுற்றும் உச்ச கியர்) போவதும் திரும்புவதுமாக இருந்தால் அந்த வேகம் உங்கள் வண்டிக்கும் அந்தச் சாலைக்கும் பொருந்தவில்லை. ஓவர்டிரைவை அணைத்து ஐந்து பத்து குறைத்து ஓட்டுங்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டாமல் வழுக்கிக்கொண்டே இருந்தால் கியர் ஆயில் கொதிக்கும். ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் முதலில் அதைக் கவனியுங்கள், வேகம் அப்புறம்.

அறிகுறி: பிரேக்கில் நம்பிக்கை இல்லை

வண்டியின் ஓட்ட ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப ஏறும். பிடிமானமான பிரேக், ஒரு வினாடி தாமதம் என்று வைத்தால் 80லிருந்து நிற்க ஏறக்குறைய 63 மீட்டர் ஆகும். 100லிருந்து 92 மீட்டர். வேகம் கால் பங்கு கூடியதற்கு 29 மீட்டர் கூடுதல், அதாவது இரண்டு பேருந்துகளுக்கும் மேலான நீளம். பழைய டிரம் பிரேக்குக்கு இந்தக் கணக்கே தாராளம்.

நீண்ட இறக்கத்தில் மிதி பஞ்சுபோல் உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிறது. மிதி கல்போல் நிற்கிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை என்றால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. இறக்கத்தில் இல்லாமல் எப்போதுமே மிதி கல்லாக இருந்தால், மிதிக்குத் துணைவிசை தரும் வாக்குவம் பூஸ்டர். மூன்றுக்கும் மருந்து வேறு, ஆனால் முதல் இரண்டுக்கும் தடுப்பு ஒன்றுதான்: எந்த கியரில் ஏறினீர்களோ அதற்கு மேல் இல்லாத கியரில் இறங்குங்கள், பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்காமல் ஓங்கி அழுத்தி வேகத்தை இறக்கி விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு சக்கர மையத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம். துப்பாக்கி வடிவ வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. முன் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும், பின் இரண்டும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் தனியாகக் காய்ந்தால் கேலிப்பர் ஒட்டியிருக்கிறது அல்லது வீல் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. வேகமாகப் போவதும் மெதுவாகப் போவதும் அதற்கு ஒன்றுதான், கழற்றிப் பாருங்கள்.

அறிகுறி: மேலிருந்து சத்தம்

கூரை ஜன்னல் தாழ்ப்பாள், வெளிக்கூடாரக் குழாயின் பட்டை, சூரியத் தகட்டின் விளிம்பு. ஏணி போட்டு ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கூரை ஜன்னல்கள் வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்து நொறுங்கும், 90ல் பிய்த்துக்கொண்டு பின்னால் வருபவர் மேல் போகும்.

எந்த அறிகுறியும் இல்லை

100 வரை போய்ப் பார்த்தும் வண்டி அமைதியாக இருக்கிறதா? வாழ்த்துகள். இப்போது எரிபொருள் முடிவு செய்யட்டும். தொட்டியை விளிம்புவரை நிரப்பி ஒரே சாலையில் 80லும் 90லும் 100லும் தனித்தனியாக ஓட்டி மறுபடி நிரப்பிப் பாருங்கள். 90க்கு மேல் ஒவ்வொரு ஐந்துக்கும் எவ்வளவு கூடுதலாகக் குடிக்கிறது என்று தெரிந்தால் பலர் தாமாகவே 90க்கு வந்துவிடுவார்கள். சட்டம் உங்கள் எடை வகுப்புக்கு வைத்த வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கடைசி.

கிடைத்த வேகம் மிகக் குறைவு

65, 70 என்று வந்தால் கவனம் வேண்டும். எல்லோரும் 100ல் பறக்கும் சாலையில் 65ல் ஊர்வதும் ஆபத்துதான், பின்னால் வருபவர் தூரத்தைத் தப்பாகக் கணிப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை 90ல் கட்டுப்படுத்தும் கருவி இருக்கிறது. அங்கே 85ல் ஓடும் மோட்டார்ஹோம் லாரிகளோடு கலந்து போய்விடும், 65ல் ஓடுவது தனித்துத் தெரியும். லாரிகளின் ஓட்டத்துக்குக் கீழே உங்கள் வேகம் விழுந்தால், கோளாறைச் சரிசெய்யும் வரை இருவழிச் சிறு சாலைகளில் போங்கள். பின்னால் நான்கைந்து வண்டி சேர்ந்ததும் ஓரம் ஒதுங்கி வழிவிடுங்கள். ஓரம் கிடைக்காத ஏற்றமாக இருந்தால், அந்த நாட்டு விதி அனுமதித்தால், நான்கு பக்க விளக்கையும் மின்ன விட்டுக்கொண்டு ஏறுங்கள். டயர், ஷாக், புஷ் எது மாற்றினாலும், சாமான் அடுக்கை மாற்றினாலும், சோதனை ஓட்டத்தை மறுபடி 60லிருந்து தொடங்கிப் புது எண்ணை எடுத்து, ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் ஒட்டிய தாளையும் மாற்றிவிடுங்கள்.